கரண்ட் வரும் சத்தம்

ஜனவரி 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எலும்பும் தோலுமாக ஊருக்கு வந்து நின்றால் உன் அண்ணி என்னைத்தான் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நூலகத்துக்கு அலமாரிகள் செய்யும் வேலை வந்திருக்கிறது. நம் பட்டறைக்கு இவ்வளவு பெரிய வேலை இதுவரை வந்ததில்லை. ஆனால் பெரியவர்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார். ஆபீசுக்குப் போனதும் பெரியவர் யார் என்று மறந்துவிட்டாயோ? நம் அறுப்பு மெஷின்தான், தாயே. மேஜை நடுவில் வட்ட ரம்பம், அடியில் மோட்டார், அப்பா வாங்கிப் போட்ட நாளிலிருந்து அதே முறைப்பு.

ஸ்விட்சைப் போட்டால் உறுமுவார். எழுந்திருக்க மாட்டார். ஒரு கட்டையால் ரம்பத்தை உந்திவிட்டால்தான் மெல்லச் சுற்ற ஆரம்பித்து வேகம் பிடிப்பார். இது உனக்குத் தெரிந்த கதை. புதுக்கதை என்னவென்றால், போன வாரம் உந்தின கட்டை ரம்பத்தின் பல்லில் மாட்டிப் பறந்து சுவரில் அடித்தது. என் மணிக்கட்டில் லேசான கீறல். இன்னொரு நாள் அவசரத்தில் எதிர்ப்பக்கமாக உந்திவிட்டேன். மனிதர் தலைகீழாகச் சுற்றி, கையிலிருந்த பலகையைப் பிடுங்கி அந்தப் பக்கம் எறிந்தார். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடுகிறவரை என்ன செய்வது?

உங்கள் கட்டடத்தில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார் என்று எத்தனையோ இருக்கும். பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருப்பார். அவரிடம் கேட்டுப் பாரேன். வாயைத் திறக்கவே உனக்கு ஒரு மாதம் ஆகும் என்று தெரியும். இருந்தாலும் கேள்.

நம் வீட்டு முதல் பட்டதாரியின் அருமை அண்ணன்.

(கீழே அண்ணி எழுதுவது: கீறல் என்று எழுதியிருக்கிறாரே, அது கீறல் இல்லை கண்ணு. தையல் போட்டுக் கூட்டிவந்தேன். அந்தக் கட்டையை நான் ஒளித்துவைத்தாலும் தேடி எடுத்துவிடுகிறார். வெட்கப்படாமல் கேட்டு எழுது.)


ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன். விடுதியில் என் அறைத்தோழி வாங்கிவைப்பதையும் சேர்த்துச் சாப்பிடுகிறேன். உன் தையல் பிரித்தாயிற்றா? உன் கடிதத்தில் நான் முதலில் படிப்பது எப்போதும் கீழே உள்ள அண்ணியின் வரிகளைத்தான். உண்மை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் எலக்ட்ரீஷியன் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார். சுவர் முழுக்க ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு வயர்ச் சுருள். நான் படியிறங்கி, கதவு வரை போய், திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா, தினமும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற? பல்பு போயிடுச்சா?"

"இல்ல சார். எங்க அண்ணனோட மோட்டாரு சரியில்ல."

"அண்ணனுக்கு ஏம்மா மோட்டாரு? கால் இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு சோதனைகள் சொன்னார். முதலில், மெயினை அணைத்துவிட்டு ரம்பத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார். இறுக்கமாக இருந்தால் பேரிங் கோளாறு. லேசாகச் சுற்றினால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டுப் பார். பாரமே இல்லாதபோதும் அது உறுமிக்கொண்டு நின்றால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று அர்த்தமாம். மோட்டாரின் முதுகில் ஒரு புடைப்பு இருக்குமே, அந்த மூடிக்குள் உருளையாக ஒரு டப்பா. அதன் மேல் உள்ள எண்களை எழுதி அனுப்பச் சொன்னார்.

அதுவரை அந்தக் கட்டையை நீளமாக வைத்துக்கொள். கையை ரம்பத்திலிருந்து தள்ளி வைத்துக்கொள். அண்ணி, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் கையை நினைத்தபடி,
தங்கச்சி.


பிப்ரவரி 4

அன்புள்ள ஆபீசரம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தையல் பிரித்தாயிற்று.

எலக்ட்ரீஷியன் கெட்டிக்காரர். ரம்பம் லேசாகச் சுற்றுகிறது, பேரிங்கில் குறையில்லை. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் போட்டேன். வெறும் உறுமல். மூடியைத் திறந்தால் டப்பா ஊதிப்போய், வாயோரம் எண்ணெய் வடிந்து, பல்வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எத்தனை வருஷமாகச் செத்துக் கிடந்ததோ! எண்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒரு எண் மங்கிவிட்டது, அது மூன்றா எட்டா என்று உன் ஆளையே கேள்.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கரண்ட் அடிக்கடி போகிறது. போனால் நான் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஸ்விட்சை அணைப்பதில்லை, உனக்குத்தான் தெரியுமே. பெரியவர் உறுமினால் கரண்ட் வந்தாயிற்று என்று அர்த்தம். ஓடிவந்து ஒரு உந்து. நீ பரீட்சைக்குப் படிக்கும்போது மெழுகுவர்த்தியை அணைத்தது அந்த உறுமலைக் கேட்டுத்தானே!

அண்ணன்.

(அண்ணி: கரண்ட் போனால் அவருக்குத்தான் ஓய்வு. எனக்கு அப்போதுதான் வேலை. மேஜைக்கு அடியில் கையை விட்டு மரத்தூளை வாரி எடுக்க வேறு நேரம் கிடைக்குமா? அலமாரி வேலை வந்ததிலிருந்து தூள் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. கோழிப்பண்ணைக்காரர் வந்து எடுத்துப் போகிறார். உனக்குப் போர்வை பின்னிக்கொண்டிருக்கிறேன், என்ன நிறம் வேண்டும்?)


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு இந்தப் பார்சலோடு வழி அனுப்புகிறேன்.

அது எட்டுதான் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். புதுக் கெப்பாசிட்டர் வாங்கக் கடைக்கு நானே போனேன். வரிசையில் நின்ற எல்லோரும் ஆண்கள். என் முறை வந்தபோது சீட்டைப் படிக்காமல் வாயாலேயே சொன்னேன். கடைக்காரர் "மோட்டார் ஒர்க்ஷாப் வச்சிருக்கீங்களாம்மா?" என்றார். "ஆமா, எங்க அண்ணன் வச்சிருக்கார்" என்றேன். வெளியே வந்த பிறகுதான் மீதிச் சில்லறை வாங்காதது ஞாபகம் வந்தது.

மாட்டும்போது கவனம். மெயினை அணை. பழைய டப்பாவின் இரண்டு முனைகளையும் வெறும் கையால் தொடாதே, உள்ளே கரண்ட் தங்கியிருக்குமாம். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்துவிட்டுப் பிறகு கழற்று. எந்த வயர் எங்கே இருந்தது என்று முதலிலேயே வரைந்துகொள்.

இனி உனக்கு அந்தக் கட்டை வேண்டாம். ரம்பத்துக்கு அருகில் உன் கை போகவேண்டியதே இல்லை. இதை எழுதும்போதே எனக்கு மூச்சு லேசாகிறது.

அண்ணி, நீல நிறம். ஆழ்ந்த நீலம்.

தங்கச்சி.


மார்ச் 2

அன்புத் தங்கச்சி,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எங்கள் நலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெரியவர் எழுந்துவிட்டார்!

ஸ்விட்சைப் போட்டதுதான் தாமதம். உறுமவில்லை, முனகவில்லை. எடுத்த எடுப்பில் முழு வேகம். உன் அண்ணி "ஐயோ" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கே ஓடிவிட்டாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு வேகமா ஓடலையேடி நீ" என்றேன். கரண்டியை எறிந்தாள்.

வேகம் வந்ததும் இன்னொரு குறை தெரிந்தது. அறுத்த ஓரம் கருகியது. பலகைக்குத் தடுப்பாக மேஜையில் ஒரு நீளச் சட்டம் இருக்குமே, அது ரம்பத்துக்கு நேராக இல்லாமல் பின்பக்கம் ஒரு நூல் அளவு உள்ளே ஒடுங்கியிருந்தது. திருகைத் தளர்த்தி, முன்னும் பின்னும் அளந்து நேராக்கினேன். இப்போது வெண்ணெயை அறுப்பதுபோல் அறுக்கிறது. பத்து நாள் வேலை நாலு நாளில் முடிகிறது.

பாராட்ட வேண்டிய இன்னொருவர் மின்வாரியக்காரர். உன் டப்பா வந்த வேளை, கரண்ட் போகவே இல்லை. இன்னும் வெயில் ஏறினால்தான் அவர் குணம் தெரியும்.

படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்,
அண்ணன்.

(அண்ணி: அந்தக் கட்டையை என் கையாலேயே அடுப்பில் வைத்தேன். இனி அவர் கை பத்திரம். நீ ரொம்ப நாள் நல்லா இருக்கணும் கண்ணு. போர்வை பாதி முடிந்தது.)


மார்ச் 11. அவசரத் தபால்

அண்ணா,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மேலே படிக்காதே. முதலில் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து படி.

அணைத்தாயிற்றா?

இன்று மதியம் எலக்ட்ரீஷியனுக்கு நன்றி சொல்லப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், அண்ணி ஓடியதைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். எனக்கும் தைரியம் வந்து, "இனிமே கரண்ட் வந்தா எங்க வீட்ல யாருக்கும் தெரியாது சார்" என்றேன்.

"ஏன்?"

"எங்க மெஷின் ஸ்விட்ச் எப்பவும் போட்டபடியே இருக்கும். கரண்ட் வந்ததும் உறுமும். அதான் எங்களுக்கு மணி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கரண்ட் போனப்புறமும் ஸ்விட்ச் போட்டபடியேவா இருக்கும்?"

"ஆமா சார்."

"அது உறுமிட்டு நின்னதே டப்பா செத்துக் கிடந்ததாலதாம்மா. இப்ப உறுமாது. கரண்ட் வந்த நொடியே சுத்தும். யாரும் பக்கத்துல போறதில்லையே?"

அப்போதுதான் எனக்கு அண்ணியின் கை ஞாபகம் வந்தது. மேஜைக்கு அடியில் தூள் வாரும் கை. அடியில் ரம்பத்துக்கு மூடிகூடக் கிடையாது. அண்ணா, இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. அந்த உறுமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். உனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். மூன்று பேருக்கும் எல்லாமே தெரிந்திருந்தும் யாருக்கும் தோன்றவில்லை.

கரண்ட் போனால் ஸ்விட்சை அணை. மெயினையும் அணை. கரண்ட் போனால் தானாகவே விழுந்துவிடும் ஸ்விட்ச் ஒன்று உண்டாம். திரும்பக் கையால் அழுத்தினால்தான் மெஷின் ஓடும். அதை வாங்கி அனுப்புகிறேன். அதுவரை அண்ணி மெஷின் பக்கமே போகக்கூடாது.

உடனே ஒரு வரி எழுது.

தங்கச்சி.


மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலம்தானே?

என் அவசரத் தபால் கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. அலமாரி வேலையில் மூழ்கியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். விடுதி வாசலில் தபால்களை வைக்கும் மரத்தட்டு ஒன்று உண்டு. அதை நான் பார்ப்பதற்கு முன்பே அறைத்தோழி பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டிவிடுகிறாள், நான் படியிறங்கும் சிரமம் வேண்டாம் என்று.

இங்கே நேற்று கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரும்வரை எல்லோரும் இருட்டில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புது ஸ்விட்சைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பச்சைப் பொத்தான் ஓட, சிவப்பு நிற்க. மாட்டும் முறையை எலக்ட்ரீஷியனே வரைந்து தந்திருக்கிறார்.

உனக்கு நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. அண்ணியை இரண்டு வரி எழுதச் சொல். போர்வை எதுவரை வந்திருக்கிறது என்று எழுதினால்கூடப் போதும்.

தங்கச்சி.


ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீ நலமா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நீ சொன்னபடி ஸ்விட்சை அணைத்துவிட்டேன். பார்சலும் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். அலமாரி வேலை கொஞ்சம் தள்ளிப்போகிறது. நூலகத்துக்காரர் நல்லவர், பொறுத்துக்கொள்கிறார்.

இங்கே வெயில் அதிகம். பட்டறைக் கூரைக்கு மேலே ஓலை போடலாம் என்று நினைக்கிறேன். நேற்று சாதம் அடிப்பிடித்துவிட்டது, வீடு முழுக்கப் புகை. எல்லாம் பழகிவிடும்.

நீ வேலையில் கவனமாக இரு. இப்போதைக்கு ஊருக்கு வரவேண்டும் என்றில்லை. லீவை வீணாக்காதே.

கீழே இடமில்லாததால் அண்ணி எழுதவில்லை.

அண்ணன்.


ஏப்ரல் 17

அண்ணா,

நான் நலமாக இல்லை.

உன் கடிதத்தை மேஜையில் விரித்துவைத்திருக்கிறேன். கீழே பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. இடமில்லை என்று எழுதியிருக்கிறாய்.

நீ ஒரு கேலிகூடச் செய்யவில்லை. பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்விட்சை அணைத்தேன் என்கிறாய், எப்போது அணைத்தாய் என்று இல்லை. சாதம் அடிப்பிடித்தது என்கிறாய். அண்ணி வைத்த சாதம் ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை. அடுப்பில் நின்றது யார்? 'எல்லாம் பழகிவிடும்' என்றால், என்ன பழக வேண்டும்? விடுமுறைக்கு வரச்சொல்லி நச்சரிக்கிற நீ, வரவேண்டாம் என்கிறாய்.

நான் அதிகம் பேசத் தெரியாதவள். அதனால் மற்றவர்கள் பேசாமல் விடுவது எனக்குக் காதில் விழும். என்ன நடந்தது என்று நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அண்ணி கையால் ஒரு வரி வேண்டும். அண்ணியின் கையால்.

தங்கச்சி.


மே 3

அன்புள்ள கண்ணுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நல்லா இருக்கணும், மனதைத் தேற்றிக்கொண்டு படிக்கணும்.

இது என் இடது கை எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கோணலாக இருக்கும், சிரித்துக்கொள். பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நடுவில் மூன்றும் இல்லை.

நீ நினைத்ததேதான். கரண்ட் போயிருந்தது. அவர் வாசலில் மரம் கொண்டுவந்த வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அடியில் கையை விட்டுத் தூளை வாரிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. உறுமினால் கையை எடுத்துவிடலாம் என்று காது அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு உறுமவில்லை. உன் அவசரத் தபால் வந்தபோது வீடு பூட்டிக்கிடந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

"அவகிட்ட சொல்லாத, அவ தாங்கமாட்டா" என்று உன் அண்ணன் சத்தியம் வாங்கிக்கொண்டார். நீ 'அண்ணியின் கையால்' என்று எழுதியதைப் படித்துவிட்டு, கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது? ஒழுங்காக ஓடினதற்காக மெஷினைத் திட்ட முடியுமா?

ஆனால் உன் அண்ணனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நீ அனுப்பின டப்பாவைப் பிடுங்கிவிட்டார். பெரியவர் பழையபடி உறுமிக்கொண்டு நிற்கிறார். இவர் மறுபடியும் ஒரு கட்டையைச் சீவி வைத்துக்கொண்டு ரம்பத்தைத் தள்ளுகிறார். புது ஸ்விட்ச் பார்சலைப் பிரிக்கவே இல்லை. மாட்டுங்கள் என்று சொன்னால், "ஒண்ண சரி பண்ணினோம், மூணு விரல் போச்சு. இதை மாட்டி இன்னும் என்ன போகணும்?" என்கிறார். அவர் கையில் இப்போது நடுக்கம் இருக்கிறது கண்ணு. அதையும் அவர் எழுதமாட்டார்.

அதனால் நீ வா. லீவு போட்டுவிட்டு வா. அந்த எலக்ட்ரீஷியன் வரைந்து கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, இவர் கண் முன்னாலேயே டப்பாவையும் ஸ்விட்சையும் நீயே மாட்டு. அடியில் ஒரு தகரமும் அடிக்கவேண்டும். நீ மாட்டினால் கையைத் தட்டிவிடமாட்டார்.

நீ வரும்வரை பழைய ஸ்விட்ச் என் பொறுப்பு. அதற்குக் கீழேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் போனால் அணைத்துவிடுவேன். திரும்ப வந்தாலும் நானாகப் போடமாட்டேன். அவர் "போடு" என்பார். "கையைக் காட்டுங்க" என்பேன். ரம்பத்தை விட்டுத் தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்குவார், பிடிபட்ட திருடன் மாதிரி. நடுங்கினால் போடமாட்டேன். நடுக்கம் நிற்கும்வரை இருவரும் காத்திருப்போம்.

நேற்று நூலகத்திலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கோபத்தில் இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "போடு" என்றார். நான் போடவில்லை. "போடுடி" என்று கத்தினார். ஸ்விட்சை இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று காலையிலிருந்து கையில் கட்டையோடு ரம்பத்துக்கு எதிரிலேயே நிற்கிறார். கையை மட்டும் காட்டவில்லை. நான் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இதை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

சீக்கிரம் வா.

அண்ணி.